உம்மம்மாவின் உம்மாவுக்கு என்ன பெயர்?



கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமில்லை, ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் வயது போனவர்கள் யாராவது பக்கத்தில் இருக்கும்போது வாசித்தால் இன்னும் நல்லது. ஏன் என்பது கடைசியில் விளங்கும்.

போன தவணையில் தரம் 9 பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பாடத்தில் ஓர் ஒப்படை கொடுத்திருந்தோம். தன்னிலிருந்து தொடங்கி நான்கு தலைமுறைக்குக் குடும்ப மரம் வரைந்து வர வேண்டும். ஆண், பெண் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். லேசான வேலை என்றுதான் நினைத்தோம்.

கொப்பிகள் வந்தன. வாப்பா பக்கம் அநேகமாக நிரம்பியிருந்தது. நம்முடைய பெயர்களுக்கு முன்னால் நிற்கும் முதலெழுத்துகளே பாதி வேலையைச் செய்துவிடுகின்றன. உம்மா பக்கம்தான் சங்கடம். உம்மாவின் உம்மா வரைக்கும் பெயர் இருக்கிறது. அதற்கு மேலே வெறும் கோடு, அல்லது கேள்விக்குறி. சில பிள்ளைகள் 'மூத்தம்மா' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அதையே பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் இருந்தார்கள்.

ஒரு பிள்ளை அந்தக் கட்டத்துக்குள் பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தது: தெரியாது, தெரிந்த பெரியம்மா நோன்புக்கு முதல் மௌத்தாகிவிட்டா.

விசாரித்தோம். பிள்ளையின் உம்மம்மா, உம்மா சின்னவளாக இருக்கும்போதே மௌத்து. வளர்த்தது உம்மம்மாவின் ராத்தா. அவவுக்குத்தான் எல்லாம் பாடம். எந்தத் தெருவில் யார் யாருக்கு என்ன முறை, எந்த வீடு எந்தக் குடி, யார் யாரிடம் பால் குடித்தது, அவ்வளவும். ஜனாஸா போய் இரண்டு கிழமைக்குப் பிறகு எங்கள் ஒப்படை போய்ச் சேர்ந்திருக்கிறது.

அந்தக் கொப்பிக்குப் புள்ளி போட எங்களுக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு சில வாரங்களாக, இஷா தொழுதுவிட்டு வந்து, உலகத்தில் மற்றவர்கள் தங்கள் மூதாதையரை எப்படித் தேடுகிறார்கள் என்று பார்த்தோம். காசு கட்டித் தேடும் கம்பனிகள் நிறைய இருக்கின்றன. அவை ஒரு பக்கம் இருக்கட்டும். எங்களை வியக்க வைத்தது, ஒரு சதம் கூட வாங்காமல் சாதாரண மனிதர்கள் செய்து வைத்திருக்கும் வேலைதான்.

*இங்கிலாந்துக்காரர் செய்தது*

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, விவாகம், இறப்பு மூன்றையும் அரசாங்கம் பதியத் தொடங்கியது 1837 ஜூலை 1 ஆம் திகதி. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பெயர் அட்டவணை தயாராகும். பெரிய பெரிய தடித்த புத்தகங்கள். ஒருவருடைய பூட்டனைத் தேட வேண்டுமென்றால் அந்தப் புத்தகங்களை, அல்லது அவற்றின் நுண்படச் சுருள்களை, ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும்.

1998 இல் சில பேர் சேர்ந்து ஒரு முடிவெடுத்தார்கள். இந்த அட்டவணை முழுவதையும் தட்டச்சுச் செய்வோம், எல்லோரும் இலவசமாகத் தேடட்டும் என்று. ஃப்ரீ பீ.எம்.டி. என்று அதற்குப் பெயர். பிறப்பு, விவாகம், இறப்பு என்ற மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்தான் அவை. தொண்டர் ஒருவருக்கு ஒரு பக்கத்தின் படம் போகும். அவர் தன் வீட்டில் இருந்து, தனக்கு நேரம் கிடைக்கும்போது அதைத் தட்டச்சுச் செய்து அனுப்புவார். அவ்வளவுதான். இன்று அங்கே கோடிக்கணக்கான பதிவுகள் தேடக்கூடியதாக இருக்கின்றன. கோயிற்பற்றுப் பதிவேடுகளுக்கும் குடிசன மதிப்புக்கும் இதே மாதிரியான சகோதரத் திட்டங்களும் வந்துவிட்டன.

அவர்களுடைய முதல் விதி எங்களுக்கு மிகவும் பிடித்தது. கண்ணால் காண்பதை அப்படியே தட்டு என்பதே அது. எழுதுவினைஞர் பெயரைப் பிழையாக எழுதியிருந்தால் பிழையாகவே தட்ட வேண்டும். நீ திருத்தக் கூடாது. உனக்குச் சரி என்று படுவது உண்மையில் சரியாக இருக்க வேண்டும் என்றில்லை. அதோடு, முடிந்தளவுக்கு ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாகத் தட்டுவார்கள். இருவரும் வேறுபடும் இடத்தில்தான் பிழை ஒளிந்திருக்கும்.

நம்முடைய ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் வரிசையை எவ்வளவு கவனமாகப் பார்த்தார்கள் என்று படித்தவர்களுக்கு இந்த நுணுக்கம் புதினமாக இருக்காது. யார் சொன்னது, யாரிடம் கேட்டது, சொல்லில் வித்தியாசம் உண்டா? அதே கேள்விகள்தான்.

*அமெரிக்காவில்*

1996 இல் கென்டக்கி மாநிலத்தில் ஒரு வேலை தொடங்கியது. அந்த மாநிலத்தில் 120 கவுண்டிகள், அதாவது நம்முடைய பிரதேசப் பிரிவுகள் போல. ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு தொண்டர் பொறுப்பு. தன் பகுதியின் மையவாடிப் பட்டியல், பழைய உயில்கள், விவாகப் பதிவுகள் என்று கிடைத்ததை அவர் இணையத்தில் போட வேண்டும். அது மற்ற மாநிலங்களுக்கும் பரவி யூ.எஸ். ஜென்வெப் ஆனது. பிறகு நாடுகளுக்கென்று வேர்ல்ட் ஜென்வெப்பும் வந்தது. அதில் இலங்கைக்கும் ஒரு பக்கம் உண்டு.

2012 இல் நடந்ததையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் குடிசன மதிப்பு ஏடுகளை 72 வருடங்களுக்குப் பூட்டி வைப்பார்கள். உயிரோடிருப்பவர்களின் அந்தரங்கம் காப்பதற்காக. 1940 ஆம் ஆண்டின் ஏடுகள் 2012 ஏப்ரல் 2 இல் திறக்கப்பட்டன. ஏறத்தாழ 13 கோடிப் பெயர்கள். ஒன்றரை இலட்சத்துக்கும் கூடுதலான தொண்டர்கள் கை கொடுத்தார்கள். ஐந்து மாதத்துக்குள் அட்டவணை முடிந்தது. சம்பளத்துக்கு ஆள் பிடித்திருந்தால் எத்தனை வருடம் போயிருக்கும்?

ஃபைண்ட் எ கிரேவ் என்று இன்னொன்று. 1995 இல் தனி மனிதர் ஒருவர் தொடங்கியது. இப்போது ஒரு கம்பனியின் கையில் இருந்தாலும், அடக்கத்தலங்களில் இருக்கும் கற்களைப் படம் பிடித்துப் போடுவது இன்றும் தொண்டர்கள்தான். முன்பின் தெரியாத ஒருவர், கடல் கடந்து இருக்கும் குடும்பத்துக்காக ஒரு மையவாடிக்குப் போய்ப் புல்லை விலக்கிக் கல்லைப் படம் எடுத்து அனுப்புகிறார். இது ஸதகா மாதிரித்தான் எங்களுக்குப் பட்டது.

ஃபமிலிசேர்ச் என்ற இலவசத் தளத்தைப் பற்றிப் பலரும் கேட்பதால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லி வைக்கிறோம். உலகத்திலேயே பெரிய வம்சாவளிச் சேகரிப்புகளில் ஒன்று அது. 1894 இல் தொடங்கிய ஒரு சங்கத்தின் தொடர்ச்சி. நடத்துவது மோர்மன்கள் என்று அழைக்கப்படும் கிறிஸ்தவப் பிரிவினர். மௌத்தான மூதாதையருக்காகத் தாங்கள் சில சமயச் சடங்குகளைச் செய்யலாம் என்பது அவர்களுடைய நம்பிக்கை. பெயர்களைத் தேடிச் சேர்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே போய்ப் பழைய ஏட்டைப் பார்ப்பது ஒரு விடயம். நமது குடும்பப் பெயர்களை அங்கே ஏற்றுவது இன்னொரு விடயம். இரண்டாவதைச் செய்ய முதல் உங்கள் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தெரிந்து செய்ய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம்.

*நம்மைத் தேடினோம்*

சரி, நமது பெயர்களைப் போட்டுத் தேடிப் பார்த்தோம். முதலாவது கூட்டிலேயே முட்டிக்கொண்டது. 'குடும்பப் பெயர்' என்று கேட்கிறது. நமக்கு ஏது அது? வாப்பாவின் பெயர் முதலெழுத்தாகிறது. அடுத்த தலைமுறையில் அந்த எழுத்தும் மாறிவிடுகிறது.

இரண்டாவது, எழுத்துக்கூட்டல். லெவ்வை, லெப்பை, லெப்பே. முகம்மது, முஹம்மத், மொஹமட். ஆங்கிலத்தில் எழுதிய பதிவாளர் சிங்களவராக இருந்தால் ஒரு மாதிரி, தமிழராக இருந்தால் ஒரு மாதிரி, பறங்கியராக இருந்தால் இன்னொரு மாதிரி. ஒரே மனிதர் பிறப்புப் பத்திரத்தில் ஒருவர், காவினில் இன்னொருவர், காணி உறுதியில் மூன்றாமவர்.

மூன்றாவதுதான் பெரியது. நமது ஊரின் பெயரைப் போட்டால் ஒன்றும் வரவில்லை. ஒன்றும் இல்லை என்பதற்காக அல்ல. நம்மில் யாரும் இன்னும் தட்டவில்லை, அதனால்தான். இங்கிலாந்துக்காரனின் பூட்டன் இணையத்தில் இருப்பது அவன் பெரிய மனிதன் என்பதால் அல்ல. யாரோ ஒருவர் ஓர் இரவு கண்விழித்து அந்தப் பக்கத்தைத் தட்டியதால்.

*நம் நாட்டு ஏடுகள்*

நம்மிடம் எழுத்து இல்லை என்று நினைக்க வேண்டாம். ஒல்லாந்தர் காலத்தில் தோம்பு எழுதினார்கள். காணித் தோம்பு, தலைத் தோம்பு என்று இரண்டு. வரி அறவிடுவதற்காக எழுதினாலும், காணி இன்னாருக்கு, குடும்பத்தில் இன்னார் இன்னார் என்று பெயர் பெயராக எழுதினார்கள். தப்பியவை கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. ஒல்லாந்தக் கம்பனியின் ஆவணங்களை யுனெஸ்கோ 2003 இல் உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தபோது இலங்கையில் உள்ளவையும் அதில் அடங்கின. ஆனால் தோம்பு கூடுதலாகக் கைகொடுப்பது மேற்கு, தெற்குக் கரையோரத்தாருக்கும் யாழ்ப்பாணத்தாருக்கும்தான்.

ஆங்கிலேயர் 1867 இல் பிறப்பு, இறப்புப் பதிவைத் தொடங்கி, 1897 இல் கட்டாயமாக்கினார்கள். முஸ்லிம் விவாகப் பதிவுக்கென்று 1886 இல் ஒரு கட்டளைச்சட்டம் வந்தது. பிறகு 1929 இல் இன்னொன்று. அதன் பிறகு 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டம். ஆகவே நூறு வருடங்களுக்கும் மேற்பட்ட காவின் பதிவுகள் இந்த நாட்டில் எழுதப்பட்டிருக்கின்றன.

இனி உங்கள் வீட்டில் இருக்கும் ஒரு பழைய பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். தகப்பனின் பெயர், தாயின் பெயர், பிறகு பாட்டனார் இலங்கையில் பிறந்தவரென்றால் அவருடைய பெயர், பிறந்த வருடம், பிறந்த இடம். பாட்டனாருக்குக் கூடு இருக்கிறது. பாட்டிக்கு இல்லை. காவின் பதிவைப் பாருங்கள். மணமகளின் பெயர் இருக்கிறது, ஆனால் கையொப்பம் வலியுடையது. அவளுடைய கையொப்பத்தைச் சட்டம் கேட்கவில்லை.

ஆக, பிள்ளைகளின் கொப்பியில் உம்மா பக்கம் வெறுமையாக இருந்தது பிள்ளைகளின் பிழையல்ல. அரசாங்கத்தின் கூடுகளே அப்படி.

*ஆனால் நமது முறை வேறு*

இதில்தான் கிழக்கில் இருக்கும் நாம் யோசிக்க வேண்டிய விடயம் இருக்கிறது. நமக்குக் குடி வருவது வாப்பாவிடமிருந்து அல்ல, உம்மாவிடமிருந்து. உம்மாவின் குடிதான் பிள்ளையின் குடி. ஒரே குடிக்குள் கலியாணம் செய்வதில்லை என்பது பழைய வழக்கம். பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கு ஒரு மரைக்காயர் என்று இருந்ததும் இதனால்தான். டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றில் இருந்து பல வருடங்கள் இதைப் படித்து, 2008 இல் ஒரு பெரிய புத்தகமே வெளியிட்டார். இங்கே முஸ்லிம்களும் தமிழர்களும் இந்தத் தாய்வழி முறையைப் பகிர்ந்துகொள்வதை அவர் விரிவாக எழுதியிருக்கிறார். வெளிநாட்டவர் ஒருவர் கடல் கடந்து வந்து நமது மூத்தம்மாமாரிடம் கேட்டு எழுதியதை, பக்கத்து அறையில் படுத்திருந்த நாம் கேட்கவில்லை.

ஆகவே வாப்பாவின் பெயரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும் அந்த இங்கிலாந்து முறை நமக்குப் பாதிதான் பொருந்தும். நமது மரத்தின் தண்டு உம்மா, உம்மாவின் உம்மா, அவவின் உம்மா என்று மேலே போகிறது. அந்தத் தண்டின் பெயர்கள்தான் எந்தப் பதிவேட்டிலும் ஒழுங்காக ஏறவில்லை. அவை பெண்களின் ஞாபகத்தில் இருந்தன. இப்போது ஒவ்வொரு ஜனாஸாவோடும் போய்க்கொண்டிருக்கின்றன.

பால்குடி உறவும் அப்படித்தான். ஒரே தாயிடம் பால் குடித்தவர்கள் கலியாணம் முடிக்க முடியாது என்று நமக்கெல்லாம் தெரியும். யார் யாரிடம் குடித்தது என்பது எந்தக் கச்சேரியிலும் இல்லை. மூத்தம்மா ஒருவர் நிகாஹ் பேச்சு நடக்கும்போது வாசலில் இருந்துகொண்டு, 'மனே, இது சரிவராது' என்று சொன்னால்தான் உண்டு. அவ போன பிறகு யார் சொல்வது?

எழுதி வைத்தவையும் எல்லாம் இல்லை. 1978 நவம்பர் சூறாவளியில் ஓலையும் ஓடும் பறந்தபோது பெட்டிகளும் நனைந்தன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நமது சகோதரர்கள் உறுதியையும் காவின் துண்டையும் தேடி எடுக்க நேரமில்லாமல் வந்தார்கள். 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தபோது இந்த நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். உயிர் போன இடத்தில் கடதாசியைப் பற்றி யார் அழுதார்கள்? ஆனால் பல வீடுகளில் ஒரு குடும்பத்தின் ஞாபகமும் கடதாசியும் ஒரே காலையில் போனது.

இணையத்தில் போட்டால் நிரந்தரம் என்றும் நினைக்க வேண்டாம். ரூட்ஸ்வெப் என்ற பழைய இலவசத் தளம் 2000 ஆம் ஆண்டில் ஒரு பெரிய கம்பனியிடம் போனது. பல வருடங்களாக ஆயிரக்கணக்கானோர் அதில் மடல் எழுதித் தகவல் பரிமாறினார்கள். 2020 மார்ச்சில் அந்த மடற்குழுக்கள் நிறுத்தப்பட்டன. ஒரே இடத்தில் வைத்தால் ஒரு நாள் அந்த இடம் மூடும். ஆகவே பிரதி வேண்டும், அதுவும் மூன்று இடத்தில்.

*நமக்கென்று இருப்பது*

நமது மொழியில் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. நூலகம் என்ற இணைய நூலகம். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 இல் எரிந்ததைப் பார்த்த ஒரு சமூகத்திலிருந்து, 2005 இல் தொண்டர்கள் தொடங்கியது. இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் புத்தகங்கள், பத்திரிகைகள், மலர்கள், துண்டுப்பிரசுரங்கள் எல்லாம் படமாக்கி இலவசமாக வைத்திருக்கிறார்கள். முஸ்லிம்களின் வெளியீடுகளும் அதில் நிறைய இருக்கின்றன. பாடசாலை நூற்றாண்டு மலர், பள்ளிவாசல் திறப்பு விழா மலர், ஊர் வரலாற்று நூல் என்று நாம் அலுமாரியில் கறையானுக்கு விட்டு வைத்திருப்பவற்றில்தான் குடும்ப வரலாற்றுக்குத் தேவையான பெயர்ப் பட்டியல்கள் இருக்கின்றன. மரைக்காயர்மார் யார், முதல் தலைமை ஆசிரியர் யார், கிணறு வெட்டக் காசு கொடுத்தது யார்? தேடிப் பாருங்கள். இல்லாததை அனுப்பி வையுங்கள்.

இன்னொன்று அரபுத்தமிழ். நமது மூத்தவர்கள், விசேஷமாகப் பெண்கள், தமிழ் எழுத்துப் படிக்காவிட்டாலும் அரபு எழுத்தில் தமிழை எழுதினார்கள். கிதாபின் கடைசிப் பக்கத்தில் பிள்ளை பிறந்த நாளும் மௌத்தான நாளும் குறித்து வைத்திருப்பார்கள். நமக்கு விளங்காத அரபு என்று நினைத்து அதைப் பள்ளிக்குக் கொடுத்துவிடுகிறோம், அல்லது புதைத்துவிடுகிறோம். கொடுக்க முதல் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் ஒரு படம் எடுங்கள். வாசிக்கத் தெரிந்த ஹஸரத்மார் இன்னும் இருக்கிறார்கள்.

*அந்தப் பிள்ளையின் கொப்பி*

இப்போது அந்தப் பிள்ளைக்கு வருவோம்.

நமது பகுதியில் வீடு யாருக்குப் போகும்? மகளுக்கு. கலியாணத்தின்போது உம்மா தன் வீட்டை, அல்லது பக்கத்தில் கட்டிய வீட்டை மகளின் பெயருக்கு எழுதுவா. மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். இந்தச் சீதன முறையின் நல்லது கெட்டதைப் பற்றிக் கதைக்க நிறைய இருக்கிறது. பெண் பிள்ளைகள் அதிகமான வீட்டில் அது எவ்வளவு பாரம் என்பதும் நமக்குத் தெரியும். அதை இன்னொரு நாளைக்கு வைப்போம். ஆனால் அதனால் ஒரு காரியம் நடந்திருக்கிறது. பிறப்புப் பத்திரம் விட்டுவிட்ட பெயரை, காணி உறுதி பிடித்து வைத்திருக்கிறது.

உறுதியில் நொத்தாரிசு என்ன எழுதுவார்? இந்தக் காணி எனக்கு எப்படி வந்தது என்று எழுதுவார். இன்ன இலக்க உறுதிப்படி, இன்னாரிடமிருந்து, இன்ன திகதியில். உம்மாவிடமிருந்து மகளுக்குப் போன காணி என்றால், அந்த வரிசை உம்மாமாரின் வரிசைதான்.

இதைப் பிள்ளையிடம் சொல்லி அனுப்பினோம். ஒரு கிழமை ஒன்றுமில்லை. பிறகு ஒரு நாள் முதலாவது மணி அடிக்க முதலே வாசலில் நின்றது. கையில் பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு பழைய உறுதி. மௌத்தான பெரியம்மாவின் தகரப் பெட்டிக்குள், துணிக்கு அடியில் இருந்திருக்கிறது. உம்மம்மாவுக்கு அவவின் உம்மா எழுதிக்கொடுத்த வீட்டு வளவு. உள்ளே, அந்த வளவு தனக்குத் தன் தாயிடமிருந்து வந்தது என்றும் ஒரு வரி. நாங்கள் கேட்டது ஒரு பெயர். கிடைத்தது இரண்டு. ஒரு தலைமுறை கூடுதல்.

அடியில், கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் மங்கிப்போன பெருவிரல் அடையாளம். காவின் புத்தகம் கேட்காத கையொப்பம் இங்கே மையாக இருந்தது. அந்தப் பிள்ளை தன் விரலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

பெயரை இங்கே எழுதவில்லை. அது அந்தக் குடும்பத்துக்குரியது. பென்சிலால் எழுதியதை அழித்துவிட்டுப் பேனையால் எழுதிய பிறகுதான் புள்ளி போட்டோம்.

*இனி என்ன செய்வது?*

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். கட்டடமும் வேண்டாம், நிதி சேகரிப்பும் வேண்டாம். கென்டக்கியில் ஒரு பகுதிக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டது போல, நாம் ஒரு குறுக்குத் தெருவுக்கு ஒருவர் என்று தொடங்கினால் போதும்.

1. இன்றிரவே உங்கள் உம்மாவிடம், அல்லது மாமி, பெரியம்மா, சாச்சி யாராவது மூத்தவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். உம்மம்மாவின் உம்மாவுக்குப் பெயர் என்ன? என்ன குடி? வளவு எங்கே இருந்தது? போனில் பதிவு செய்யுங்கள்.

2. சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள். ஊரில் கூப்பிட்ட பட்டப்பெயரையும் எழுதுங்கள். அழகான அரபுப் பெயராகத் திருத்த வேண்டாம். யார் சொன்னது, எந்தத் திகதியில் சொன்னது என்பதையும் பக்கத்தில் போடுங்கள்.

3. அதையே இன்னொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். வேறு மாதிரிச் சொன்னால் இரண்டையும் வையுங்கள்.

4. வீட்டில் இருக்கும் பழைய உறுதி, காவின் துண்டு, கிதாபின் ஓரக் குறிப்பு, கலியாணக் காட் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுங்கள். மூலத்தை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

5. பள்ளிவாசல் நிருவாகத்திடம் ஒரு வேண்டுகோள். பழைய ஜனாஸாப் பதிவுக் கொப்பிகளும் சந்தாப் புத்தகங்களும் இருந்தால் படம் எடுக்க அனுமதியுங்கள். மையவாடியில் மீசான் கல்லில் எழுத்துத் தெரியும் இடங்களையும் அப்படியே. தட்டச்சு வேலைக்குத் தரம் 10, 11 பிள்ளைகள் தயார். ஒரு பக்கத்துக்கு இரண்டு பேர்.

6. பிரதி மூன்று. ஒன்று வீட்டில், ஒன்று பாடசாலை நூலகத்தில், ஒன்று ஊருக்கு வெளியே.

ஓர் ஒழுக்கமும் வேண்டும். உயிரோடிருப்பவர்களின் பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், காணி விபரம் ஒன்றையும் வெளியில் போடக் கூடாது. இங்கிலாந்தில் குடிசன மதிப்பை நூறு வருடம் பூட்டி வைப்பது இதற்காகத்தான். தேடும்போது தலாக், வளர்ப்புப் பிள்ளை, இரண்டாம் கலியாணம் என்று பலதும் வெளிவரும். அதைத் தெருவில் கதைப்பவர் இந்த வேலைக்குத் தகுதியில்லாதவர். என் குடி பெரிது, உன் குடி சின்னது என்று கதைக்க இதைப் பயன்படுத்துபவரும் அப்படியே. மனிதர்களைக் குலங்களாக ஆக்கியது ஒருவரை ஒருவர் அறிந்துகொள்வதற்காக என்றுதான் நமக்குப் போதிக்கப்பட்டிருக்கிறது. பெருமையடிப்பதற்காக அல்ல. உறவு தெரிந்தால்தான் உறவைச் சேர்ந்து நடக்க முடியும்.

எங்கள் பாடசாலையில் இதற்கென்று ஐந்து கொப்பிகள் வைத்திருக்கிறோம். முதலாவது கொப்பியில் இப்போதைக்குச் சில பக்கங்கள்தான் நிரம்பியிருக்கின்றன. ஒரு தெரு கூட முடியவில்லை. இன்ஷா அல்லாஹ் முடியும்.

பின்னூட்டத்தில் குடும்ப விபரம் எழுத வேண்டாம். கேட்டுப் பார்த்தோம் என்று மட்டும் எழுதுங்கள், அது போதும்.

இப்போது போனை வைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவவிடம் அந்த முதலாவது கேள்வியைக் கேளுங்கள்.

வஸ்ஸலாம்.